இரண்டு வயதுக் காய்ச்சலும் பதின்மூன்று வயது ஓட்டமும்

(பள்ளி உடல்நலம் குறித்த ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து ரத்தசோகை, குடற்புழு, பார்வைக் குறைபாடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவை எல்லா வகுப்பிலும் இருப்பவை. நான் பேச வந்திருப்பது அந்த வரிசையில் சேராது. உங்களில் பலர் பணி ஓய்வு பெறும்வரை இந்த நோய் வந்த ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமல் போகலாம். பார்த்தும் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. ஏனென்றால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடும், சிரிக்கும், வீட்டுப்பாடம் எழுதாமல் வரும். பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இராது.

நோயின் பெயர் கவாசாகி. மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வந்தால் தவறில்லை. எனக்கும் மருத்துவக் கல்லூரியில் முதலில் அதுதான் வந்தது. இது அந்த நோயைக் கண்டறிந்த ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகியின் பெயர். 1961 ஜனவரியில் டோக்கியோவில், செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்கிறார். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. அவருக்குத் தெரிந்த எந்த நோயிலும் அது அடங்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை அதே தோற்றத்தில் வருகிறது. அவர் அந்தக் குறிப்புகளைத் தூக்கிப் போடவில்லை, சேர்த்துக்கொண்டே வந்தார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரத்தோடு ஜப்பானிய மொழியில் கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அது வந்தது 1974-இல்தான். 2020 ஜூனில், தமது 95-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க ஒன்று உண்டு. தொடக்கத்தில் அவரே இது தானாக வந்து தானாகப் போகும் நோய், பின்விளைவு இல்லை என்றுதான் கருதினார். காய்ச்சல் இறங்கியது, தடிப்பு மறைந்தது, குழந்தை வீட்டுக்குப் போனது. 1970-இல் ஜப்பான் முழுவதும் கணக்கெடுத்தபோதுதான், குணமாகிப் போன குழந்தைகளில் சிலர் திடீரென்று இறந்திருப்பது தெரிந்தது. பத்துக் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை விவரங்கள் கிடைத்தன. கோளாறு இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளில் இருந்தது. காய்ச்சல் போய்விட்டது, அது தமனியில் செய்த வேலை போகவில்லை.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் ரத்தக் குழாய்களின் சுவரையே தாக்குகிறது. ஏன் தாக்குகிறது, எது தூண்டுகிறது என்பது அறுபது ஆண்டுகளாகியும் உறுதியாகத் தெரியவில்லை. நடுத்தர அளவுள்ள தமனிகள்தான் அதிகம் பாதிக்கும், அவற்றிலும் கரோனரி. சின்னக் குழந்தையின் கரோனரி தமனி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதன் சுவரில் ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கும் ஓர் அடுக்கு உண்டு. அழற்சி அந்த அடுக்கை அரித்துவிட்டால், சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அதுபோல அந்த இடம் புடைத்துவிடும். இதை அனியூரிசம் என்பார்கள். தமனிப் புடைப்பு என்றே நாம் சொல்வோம். 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது பெரும்புடைப்பு.

புடைத்தால் வெடிக்கும் என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். வெடிப்பது மிக அரிது. உண்மையான ஆபத்து வேறு. வாய்க்கால் ஓரிடத்தில் அகன்றிருந்தால் அங்கே தண்ணீரின் வேகம் குறைந்து வண்டல் படியும் அல்லவா? புடைத்த இடத்தில் ரத்தமும் அப்படித்தான். ஓட்டம் மந்தமாகி, ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அது அடைத்தால் மாரடைப்பு. மூன்று வயதிலும் வரலாம், முப்பது வயதிலும் வரலாம். இன்னொரு பக்கம், புடைப்பின் இரு முனைகளிலும் தழும்பு ஏறி, ஆண்டுக்கணக்கில் குழாய் குறுகிக்கொண்டே வரும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குறுகிய வழியே போகும் ரத்தம் போதும். ஓடும்போது போதாது.

நல்ல செய்தியும் சொல்கிறேன். புடைப்புகளில் ஏறத்தாழ பாதி, ஓரிரு ஆண்டுகளில் பழைய அகலத்துக்குத் திரும்பிவிடுகின்றன. சிறியவை திரும்பும், பெரும்புடைப்புகள் பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்பிய தமனியும் பார்வைக்குத்தான் பழையது, சுவர் பழைய சுவர் ஆகிவிடாது.

இனி, தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடியோடு தொடர்புள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள். இந்த நோய் வருகிற குழந்தைகளில் சுமார் 80 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை தள்ளாமல் இரு கண்ணும் சிவப்பது, உதடு வெடிப்பதும் நாக்கு செம்புற்றுப்பழம் போல ஆவதும், உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுவது. இவை எல்லாம் ஒரே நாளில் வரிசையாக நிற்காது. திங்கட்கிழமை கண் சிவந்திருக்கும், வியாழக்கிழமை கண் தெளிந்து கை வீங்கியிருக்கும். கைக்குழந்தைகளில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு திடீரென்று சிவந்து தடிப்பது ஒரு நல்ல அடையாளம்.

நோய் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சிரை வழியாக ஏற்றினால், தமனி பாதிப்பு பெருமளவு தடுக்கப்படுகிறது. மருந்து கொடுக்காவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குத் தமனி பாதிக்கப்படும். காலத்தில் கொடுத்தால் அது நூற்றுக்கு நான்கைந்தாகக் குறையும்.

அந்தப் பத்து நாளை நம் ஊரில் எப்படி இழக்கிறோம் தெரியுமா? காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு என்றதும் வீட்டில் "மணல்வாரி அம்மை போட்டிருக்கு" என்கிறார்கள். வேப்பிலை கட்டி, வீட்டோடு வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய நான் இங்கே நிற்கவில்லை; தொற்றும் குழந்தையைத் தனியே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நல்ல பழக்கம் அதற்குள் இருக்கிறது. கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வேப்பிலை இருக்கட்டும், ஐந்தாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். இதை நான் சொன்னால் அந்த ஊர்த் தாய்க்கு எட்டாது. நீங்கள் சொன்னால் எட்டும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொன்று. பத்து நாள் காய்ச்சல் விடுப்பு முடிந்து குழந்தை வகுப்புக்கு வருகிறது. பென்சில் பிடிக்கும்போது பார்க்கிறீர்கள்: விரல் நுனியில், நகத்தை ஒட்டி, தோல் தாளாக உரிந்துகொண்டிருக்கிறது. இந்த நோயில் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அப்படி உரியும். வேறு சில நோய்களிலும் உரியும், ஆகவே பயமுறுத்த வேண்டாம். "எத்தனை நாள் காய்ச்சல் அடித்தது? இந்த விரலை மருத்துவரிடம் காட்டினீர்களா? இதயத்துக்கு எக்கோ எடுத்தார்களா?" என்று தாயிடம் கேட்டால் போதும். காய்ச்சல் போன பிறகும் எக்கோ எடுத்துத் தமனியைப் பார்க்க முடியும். அந்தக் கதவு மூடிவிடவில்லை.

இப்போது உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு வருகிறேன்.

என் புறநோயாளிப் பிரிவில் பார்த்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது ஒரு பெண் குழந்தை. இரண்டு வயதில் நோய், இடது தமனியில் புடைப்பு, தினமும் ஆஸ்பிரின். ஆறாம் வகுப்பில் வேறு பள்ளியில் சேர்க்கும்போது தாய் வாயே திறக்கவில்லை. "இதயத்துல கோளாறுன்னு ஒரு தடவை எழுதிட்டா நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரைக்கும் வரும் டாக்டர்" என்றார். எட்டாம் வகுப்பில் அவள் 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பயிற்சியில் இரண்டு முறை பாதியில் நின்று வாந்தி எடுத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு ஓடியதால் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் முறை முகம் வெளுத்து, குளிர வியர்த்ததைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியை, "போய் உட்காரு" என்று சொல்வதோடு விடாமல் பெற்றோரை வரவழைத்தார். தாய் அழுதுகொண்டே பழைய கோப்பை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியையோடுதான் என்னிடம் வந்தார். பரிசோதனையில் தமனி குறுகியிருந்தது தெரிந்தது. சிகிச்சை நடக்கிறது. அவள் இப்போது ஓடுவதில்லை. வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாள்.

இரண்டாவது ஒரு பையன். மூன்று வயதில் அதே நோய், காலத்தில் மருந்து ஏறியது, தமனியில் எந்தப் பாதிப்பும் இல்லை. எல்லா எக்கோவும் இயல்பு. ஆனால் சேர்க்கையின்போது தந்தை "இவனுக்கு ஹார்ட் பிராப்ளம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஐந்தாண்டுகள் விளையாட்டு வகுப்பு முழுவதும் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல். உடல் பெருத்து, ரத்த அழுத்தம் ஏறி வந்தான். இல்லாத இதய நோய்க்குப் பயந்து, உண்மையான இதய நோய்க்கு வழி செய்து கொடுத்திருந்தோம்.

இரண்டு வீட்டிலும் அன்பில் குறைவில்லை. "இந்தப் பிள்ளை எவ்வளவு ஓடலாம்?" என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் மட்டும் இருந்திருந்தால், அவள் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் என்று ஆகியிருக்காது, அவனும் செருப்புக்குக் காவல் இருந்திருக்க மாட்டான்.

அந்த எழுத்தைப் பள்ளிக்கூட நடைமுறையாகவே ஆக்கிய நாடு ஜப்பான். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே ஆண்டுக்கு 15,000-க்கும் அதிகமான குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தது. எனவே அவர்களால் இதைப் பள்ளிக்கு வெளியே வைத்துப் பார்க்க முடியாது. தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் முதலாண்டு மாணவர்களுக்கு இதயப் பரிசோதனை உண்டு. இ.சி.ஜி. எடுப்பார்கள். அதற்கு முன் பெற்றோருக்கு ஒரு வினாத்தாள் போகும், "கவாசாகி நோய் வந்ததுண்டா?" என்று அதில் நேராகவே கேட்டிருக்கும். அந்தக் கேள்வி இ.சி.ஜி.யை விடப் பெரியது என்பேன். தமனியில் புடைப்பு இருந்தும் இ.சி.ஜி. சாதாரணமாக இருக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. கருவி காட்டாததைத் தாயின் ஞாபகம் காட்டிவிடும்.

பிறகு மருத்துவர் ஒரு தாள் நிரப்பிக் கொடுப்பார். பள்ளி வாழ்க்கை வழிகாட்டுத் தாள் என்று அதை நாம் அழைக்கலாம். அதில் ஐந்து படிகள். முதல் படி, வீட்டிலோ மருத்துவமனையிலோ இருக்க வேண்டியவர். இரண்டாவது, பள்ளிக்கு வரலாம், உடற்பயிற்சி கூடாது. மூன்றாவது, லேசான பயிற்சி. நான்காவது, நடுத்தரப் பயிற்சி. ஐந்தாவது, கடுமையான பயிற்சியும் செய்யலாம். எந்த வகுப்பில் எந்த விளையாட்டு எந்தப் படியில் வரும் என்று அந்தத் தாளிலேயே அட்டவணை இருக்கும். நடுத்தரம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எனக்கு மிகவும் பிடிக்கும்: கொஞ்சம் மூச்சு வாங்கும், திணறாது, பக்கத்தில் ஓடுகிறவரோடு சிரமமில்லாமல் பேச முடியும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மைதானத்தில் "என்னப்பா, காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

தமனிப் பாதிப்பு இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே ஐந்தாவது படிதான் எழுதுவார்கள். நான் சொன்ன பையன் ஜப்பானில் இருந்திருந்தால் கால்பந்து ஆடியிருப்பான்.

இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டிகரில் உள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. நம் மாநிலத்திலும் பார்க்கிறோம். 2020-இல் கொரோனாவுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இதையொத்த ஓர் அழற்சி வந்ததையும், அதிலும் சிலருக்குக் கரோனரி தமனி பாதிக்கப்பட்டதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளும் இன்று உங்கள் வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.

ஜப்பானைப் போல எல்லோருக்கும் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி உங்களைக் கேட்கப்போவதில்லை. சேர்க்கையின்போது மூன்று கேள்விகள் கேட்க முடியும். சின்ன வயதில் நீண்ட காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்து, இதயத்துக்கு எக்கோ எடுத்ததுண்டா? தினமும் மாத்திரை சாப்பிடுகிறதா? ஓடும்போது மயங்கியதுண்டா? ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தாலும், "இந்தப் பிள்ளை எந்த அளவு விளையாடலாம் என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள்" என்று கேளுங்கள். எழுத மறுக்கும் மருத்துவர் அரிது. கேட்கப்படாத மருத்துவர்தான் அதிகம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் காட்டுங்கள். கேட்கும் இடம் முக்கியம். வரிசையில் நிற்கும் பத்துப் பெற்றோர் முன் கேட்டால், அந்தத் தாயைப் போல யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதிலும் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் மூவருக்குள் இருந்தால் போதும். எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது, பெற்றோர் அனுமதியோடு அந்த ஒரு வரியும் கூடப் போகட்டும்.

மருந்து சாப்பிடும் பிள்ளைகளைப் பற்றிச் சிலது. ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் என்ற அரிய, கொடிய விளைவு ஏற்படக்கூடும். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்றால் அது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கே அந்தப் பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். மருந்தை என்ன செய்வது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார், பெற்றோர் தாமாக நிறுத்தக் கூடாது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் இப்யூபுரூஃபென் மாத்திரை ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், கொடுக்க வேண்டாம். பெரும்புடைப்பு உள்ளவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் கபடி போல மோதி விழும் விளையாட்டு கூடாது. தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைதான். தடுப்பூசி முகாம் நடக்கும்போது, இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைப் பொதுவாகப் பதினொரு மாதம் தள்ளிப் போடுவோம். அதைச் சொல்லும் பெற்றோரை ஊசிக்குப் பயப்படுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம்.

கடைசியாக, மைதானத்தில் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தால். காரணம் இந்த நோயாக இருக்கலாம், பிறவி இதயக் கோளாறாக இருக்கலாம், அந்த நேரத்தில் அது தேவையில்லை. இதயம் நின்றவுடன் சில நொடிகள் கை கால் வெட்டி இழுப்பது உண்டு. அதைப் பார்த்ததும் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பவரும் முகத்தில் சோடா அடிப்பவரும் ஓடி வருவார்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டு விட்டு ஏங்குவது போல இருக்கிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்கட்டும். பெரிய பிள்ளைக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வரும்படி விட்டு அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று கை நடுங்கும். முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். இதயத்தின் ஓட்டத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால் ஆளனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும். 2004-இலிருந்து ஜப்பானில் மருத்துவரல்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. இன்று அங்கே பெரும்பாலான பள்ளிகளில் இது சுவரில் மாட்டியிருக்கிறது.

இதைச் சொல்லிக் கேட்டால் கைக்கு வராது. அந்த மூலை மேசையில் இரண்டு பயிற்சிப் பொம்மைகள் வைத்திருக்கிறோம். தேநீர் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் வாருங்கள். சேலை கட்டியிருக்கும் ஆசிரியைகளுக்காகப் பொம்மையை மேசை மேலேயே வைத்திருக்கிறோம், பிறகு ஒரு முறை தரையிலும் செய்து பார்த்துவிடலாம்.